கொழும்பில் குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவது: சீலியாக் நோயுள்ளவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் புண்படும் நோய்தான் சீலியாக். சீலியாக் என்று வைத்தியர் சொன்ன மறுநாள் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். பெரிய சுப்பர்மார்க்கட்டுக்குப் போய், 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுதிய இறக்குமதி பிஸ்கட்டும் பாஸ்டாவும் கூடை நிறைய வாங்கி வருவார்கள். நானும் வாங்கினேன். அன்றிரவு அந்தப் பைகளை மேசையில் வைத்துவிட்டு, வீட்டில் அவித்த பிட்டைச் சாப்பிட்டேன். பிட்டில் பாதி கோதுமை மா என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புதிதாக இந்த நோய் கண்ட சில குடும்பங்களோடு கடைக்கும் சமையலறைக்கும் போய் வந்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். பாண், கேக் எல்லோருக்கும் தெரியும். அரிசி என்று நம்பிச் சாப்பிடுகிற சாப்பாட்டுக்குள் இருக்கும் கோதுமைதான் ஆளை விழுத்துகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். முதலில் பரிசோதனை, பிறகு சமையலறை, பிறகு மா, கடைசியில்தான் கடைச் சாப்பாடு.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

இரத்தப் பரிசோதனை, பயொப்சி (குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) முடிவுகளின் பிரதிகள். சமையலறைக்குப் புதிதாக ஒரு அரிதட்டு, ஒரு இடியப்ப உரல், ஒரு தோசைக்கல், இரண்டு அகப்பை. மூடி இறுக்கமான நாலைந்து போத்தல்கள், நிற நாடா ஒரு சுருள். அதோடு ஒரு சிறு கொப்பி. கொப்பி எதற்கு என்பது 10ஆம் படியில் வரும்.

1. பரிசோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

வயிறு ஊதுகிறது, இரத்தச்சோகை மாறவில்லை, யாரோ 'கோதுமையை விட்டுப் பார்' என்றார்கள் என்று தாமாகவே நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து இரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் நிறைய. முடிவு சுத்தமாக வரக்கூடும். நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பரிசோதனை தேடுவது குளூட்டனுக்கு எதிராக உடல் கிளம்பும்போது உண்டாகும் எதிர்ப்பொருட்களை. குளூட்டன் உள்ளே போகாவிட்டால் அவை இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும்.

முதலில் டீ.டீ.ஜீ எனப்படும் இரத்தப் பரிசோதனை. அதோடு ஐ.ஜீ.ஏ என்ற எதிர்ப்பொருளின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறப்பிலேயே ஐ.ஜீ.ஏ குறைவு. அவர்களுக்கு முதல் பரிசோதனை நோய் இல்லை என்று பொய்யாகக் காட்டக்கூடும். அப்புறம் பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டொஸ்கோபி (வாய்வழியாகக் கமெராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து சிறுகுடலின் தொடக்கத்தில் சிறு துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார்கள். ஏற்கனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குறைந்தது 6 வாரம், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேளை கோதுமை சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வரச் சொல்லக்கூடும். கஷ்டம்தான். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கைக்கொள்ளப் போகிற பத்தியத்தை ஊகத்தில் தொடங்கக்கூடாது.

2. எது கூடாது என்பதைப் பெயர் சொல்லிப் படியுங்கள்

கோதுமை, பார்லி, ரை. இந்த மூன்றும்தான். ஆனால் எங்கள் வீடுகளில் கோதுமைக்குப் பல பெயர். கோதுமை மா, அவித்த மா, ஆட்டா மா, மைதா, ரவை, சேமியா, ரஸ்க் தூள் எல்லாம் ஒன்றுதான். சீனி வருத்தக்காரருக்கு ஆட்டா மா நல்லது என்று கேட்டுப் பழகிய வீட்டில் 'நான் வெள்ளை மாவை விட்டுவிட்டேன், ஆட்டாதான் சாப்பிடுகிறேன்' என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். தவிடு நீக்காத கோதுமையும் கோதுமைதான்.

பார்லியை யாரும் சந்தேகிப்பதில்லை. சிறுநீர்க் கடுப்புக்கு அம்மா வைத்துத் தரும் பார்லித் தண்ணி கூடாது. ஹோர்லிக்ஸ், மைலோ, நெஸ்டமோல்ட் போன்ற மோல்ட் பானங்கள் கூடாது, மோல்ட் என்பது முளைவிட்ட பார்லி. பியர் கூடாது. பியர் ஈஸ்ட்டிலிருந்து வருகிற மார்மைட்டையும் விடுங்கள்.

ஓட்ஸ் வேறு கதை. கடையில் கிடைக்கும் சாதாரண ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்திருக்கும். கலப்பில்லாத ஓட்ஸும் சிலருக்கு ஒத்துவராது. முதல் வருடம் தொடவேண்டாம், பிறகு வைத்தியரைக் கேட்டு முயலலாம்.

அரிசி, குரக்கன், தினை, சாமை, சோளம், உழுந்து, பயறு, கடலை, மரவள்ளி, ஒடியல் மா, சவ்வரிசி இவற்றில் குளூட்டன் இல்லை. இல்லாததற்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் மிச்சப் படிகள்.

3. சமையலறையில் மாற்றவேண்டியதை முதலில் மாற்றுங்கள்

எவ்வளவு சிறிய அளவு என்று ஒருமுறை கணக்குப் பார்த்தால் பிறகு யாரும் வாதாட மாட்டீர்கள். ஒரு துண்டு பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் என்றால் பெரும்பாலானோரின் குடல் தாங்கும், தினமும் 50 மில்லிகிராம் போனால் புண்படும். அந்தத் துண்டை 200 பங்காகப் பிய்த்தால் வரும் ஒரு பொருக்குதான் 10 மில்லிகிராம்.

ஆகவே கழுவ முடியாத பொருட்களைத்தான் மாற்றவேண்டும். அரிதட்டின் கண்ணிக்குள் மா ஒட்டியிருக்கும், எத்தனை தரம் கழுவினாலும் போகாது. நீத்துப்பெட்டி ஓலை, அதுவும் அப்படியே. மர அகப்பை, மரப்பலகை, பாண் வாட்டும் டோஸ்டர், இடியப்ப உரலின் துளைகள், கீறல் விழுந்த நொன்ஸ்டிக் சட்டி இவையெல்லாம் பிரிந்தே இருக்கவேண்டும். சில்வர் சட்டி, கண்ணாடிக் கோப்பை, பீங்கான் என்றால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். எல்லாவற்றையும் தூக்கி எறியவேண்டியதில்லை, புதியவர்கள் இதில் வீண் செலவு செய்கிறார்கள்.

பட்டர், ஜாம் போத்தல்களைத் தனியாக வையுங்கள். பாணில் பூசிய கத்தி திரும்ப உள்ளே போகும், பொருக்கு அங்கேயே தங்கும். தனிப் பொருட்களுக்கு நிற நாடா ஒட்டுங்கள். அம்மாவுக்கும் வேலைக்கு வருபவருக்கும் எழுத்தைவிட நிறம் சுலபம்.

வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிட்டால், ஒழுங்கு இப்படி: குளூட்டன் இல்லாததை முதலில் சமைத்து மூடி வையுங்கள், கோதுமை மாவைப் பிறகு எடுங்கள். மாவை அரித்தால் தூசி காற்றில் கொஞ்ச நேரம் நின்று பிறகுதான் படியும். திறந்திருக்கும் சோற்றுச் சட்டியிலும் படியும். எங்கள் வீட்டில் கடைசியில் கோதுமை மாவையே நிறுத்திவிட்டோம். மற்றவர்கள் பாண் சாப்பிடுகிறார்கள், ஆனால் வாங்கி வந்த பாண், மேசையின் ஒரு பக்கத்தில்.

4. அரிசி மா எங்கே அரைபடுகிறது என்று பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், விரிவாகவே சொல்கிறேன்.

பாணை விட்டேன், அவித்த மாவை விட்டேன், மோல்ட் பானத்தை விட்டேன். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் டீ.டீ.ஜீ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. 'களவாய் ஏதாவது சாப்பிடுகிறீர்களா?' என்று வைத்தியர் கேட்டார். கோபம் வந்தது. அந்த வாரம் அரிசி அரைக்க வழக்கமான மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் மூன்று கிலோ கோதுமை கொடுத்திருந்தார். அது அரைபட்டு முடிந்ததும், மாவு விழும் வாயில் கட்டியிருந்த துணியை மில்காரர் இரண்டு தட்டுத் தட்டினார். அதே துணி, அதே மெசின், அடுத்தது என் சிவப்பரிசி. என் மாவில் முதலில் விழுந்தது வெள்ளையாக விழுந்தது. பல மாதமாகப் பார்த்த காட்சிதான், அன்றுதான் கண்ணில் பட்டது.

மில்காரர்மேல் குற்றமில்லை, மில் எப்போதும் அப்படித்தான். 'காலையில் முதல் ஆளாகப் போனால் சரிதானே' என்று சிலர் கேட்பார்கள். சரியில்லை. நேற்று மாலை கடைசியாக அரைத்தது கல்லுக்குள் இருக்கும். மிளகாய்த்தூளும் இதே மாதிரி. மல்லி, மிளகாய் தனி மெசினில் அரைபடுகிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே அரையுங்கள்.

வீட்டு மிக்ஸியில் ஒரு கிலோ அரிசி அரைக்க அரைநாள் போதும். பச்சையரிசியை 4 மணி நேரம் ஊறவிடுங்கள். வடித்து, சுத்தமான துணியில் அரைமணி பரப்புங்கள். கையில் ஈரம் தெரியவேண்டும், தண்ணீர் ஒட்டக்கூடாது. சின்ன ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள், நிறையப் போட்டால் சூடேறிக் கட்டியாகும். புதிய அரிதட்டில் அரித்து, கப்பியைத் திரும்ப அரையுங்கள். அப்புறம் அகலமான சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுங்கள். விரலால் எடுத்துக் கோலம் போட்டால் இழை அறாமல் விழவேண்டும், அதுதான் பதம்.

பக்கற்றில் அடைத்த அரிசி மா வாங்குவதென்றால், அதே தொழிற்சாலையில் கோதுமையும் அரைபடுகிறது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புறக்கோட்டையிலும் சந்தைக் கடைகளிலும் திறந்த சாக்கில் நிற்கும் மாவை வாங்கவேண்டாம். ரவைச் சாக்கில் கிடந்த கரண்டியே அரிசி மாச் சாக்குக்கும் வரும். பருப்பு, பயறு, உழுந்து வாங்கலாம், ஆனால் தட்டில் பரப்பிப் பார்த்துக் கழுவுங்கள். ஒன்றிரண்டு கோதுமை மணி கிடக்கும், நானே பொறுக்கியிருக்கிறேன்.

5. பிட்டு, இடியப்பம், தோசை, அப்பம்: கோதுமையை எடுத்தபின் பதம் மாறும்

எங்கள் ஆட்கள் பிட்டிலும் இடியப்பத்திலும் அவித்த மா கலப்பது மென்மைக்காக. அதை எடுத்துவிட்டுப் பழைய கைப்பழக்கத்திலேயே செய்தால் பிட்டு கல்லாகும், இடியப்பம் முறியும். இரண்டாம் நாளே மனம் விட்டுப்போகும்.

இடியப்பத்துக்குத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கவேண்டும். கோதுமையில் குளூட்டன் பசைபோல் பிடித்துக்கொள்ளும். அரிசியில் அது இல்லை, மாப்பொருள் சூட்டில் வெந்து பசையாகித்தான் பிடிக்கவேண்டும். கொதிநீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உடனே பிழியுங்கள். ஆறவிட்டால் முறியும்.

பிட்டுக்கு நேர்மாறு. கொதித்த தண்ணீரை இரண்டு நிமிடம் விட்டு, தெளித்துத் தெளித்துக் குழையுங்கள். சிறு சிறு உருண்டைகளாக வந்ததும் நிறுத்தி, தேங்காய்ப்பூவைத் தாராளமாகச் சேருங்கள். குரக்கன் மா பாதி கலந்தால் இன்னும் மென்மை.

தோசைக்குப் பலர் கரைக்கும்போது ஒரு பேணி கோதுமை மா போடுவார்கள். அதை விட்டு, 1 பங்கு உழுந்து, 3 பங்கு அரிசி, ஒரு தேக்கரண்டி வெந்தயம், அரைக்கும்போது ஒரு கைப்பிடி சோறு. கொழும்பு வெக்கைக்கு ஓர் இரவில் பொங்கிவிடும்.

அப்பத்துக்குச் சிலர் ஒரு துண்டு பாணை ஊறவைத்து அரைப்பார்கள். அந்த இடத்திலும் சோறுதான்.

6. பக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள்

முன்பக்கத்தில் 'அரிசி நூடில்ஸ்' என்று பெரிதாக இருக்கும், பின்பக்கம் கோதுமை மா இருக்கும். பின்பக்கம்தான் கணக்கு. 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுத, கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தரத்தின்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. 'கோதுமை இல்லை' என்று மட்டும் இருந்தால் போதாது, பார்லி இருக்கலாம்.

அடிக்கடி ஏமாற்றுகிறவை: சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமையோடுதான் புளிக்க வைக்கப்படுகிறது. பெருங்காயத்தூளைக் கோதுமை மாவில்தான் பல நிறுவனங்கள் கலக்கின்றன, அதனால் சாம்பாரும் இரசமும் சந்தேகத்துக்குரியவை. சோயா மீற், சொசேஜஸ், சூப் கட்டி, ஐஸ்கிரீம் கோன், மலிவு அப்பளம். கடலை மாவும் கோதுமை அரைத்த மெசினில் அரைபட்டிருக்கலாம்.

பலகாரத்தில் எங்கள் முறுக்குக்கு அவித்த கோதுமை மா சேரும். பருத்தித்துறை வடைக்கும் கோதுமை மா உண்டு. தொதல், எள்ளுருண்டை, வட்டிலப்பம் பொதுவாகப் பரவாயில்லை, செய்தவரைக் கேட்டுவிட்டு.

மருந்துக் குளிசைகளில் மாப்பொருள் சேரலாம். ஃபார்மசியில் ஒருதடவை கேளுங்கள், ஆனால் கேட்டு முடியும்வரை மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

7. பாண் சாப்பிட்ட வேளைக்கு மாற்று வையுங்கள்

பின்னேரம் நாலரைக்கு ஒழுங்கைக்குள் சூன் பாண் ஓட்டோ அந்த பீத்தோவன் மெட்டைப் பாடிக்கொண்டு வரும். மனவுறுதி எல்லாம் சும்மா. அந்த நேரத்துக்குக் கையில் ஏதாவது தயாராக இருக்கவேண்டும். அவித்த மரவள்ளியும் கட்டைச்சம்பலும், பயறு, கடலைச் சுண்டல், அரிசிமா ரொட்டி. காலைக்குப் பால்சோறு, குரக்கன் பிட்டு. குரக்கன் ரொட்டியைக் கடையில் வாங்காதீர்கள், கோதுமை மா இல்லாமல் அது வட்டமாகத் தட்டுப்படாது என்று அநேகமாகக் கலந்திருப்பார்கள்.

இறக்குமதிப் பாணையும் பிஸ்கட்டையும் பிரயாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலை கொள்ளை, நார்ச்சத்தும் பலவற்றில் குறைவு. அதில் மாதச் செலவை விடுவதைவிட நல்ல மிக்ஸி வாங்குவது புத்தி.

8. கடையில் கேட்கிற கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

'குளூட்டன் இருக்கா?' என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள், அவருக்கு அது என்னவென்று தெரியாது. 'கோதுமை மா போட்டனீங்களா?' என்று கேளுங்கள். சிங்களத்தில் 'பாண் பிட்டி தாலத?' அங்கே கோதுமை மாவுக்குப் புழக்கத்தில் உள்ள பெயர் பாண் பிட்டிதான். அடுத்த கேள்வி: 'இந்த எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்?' றோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு உங்களுக்கு ஆகாது.

கொத்து, றோல்ஸ், பற்றீஸ், கட்லட், இறால் வடை பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சைவக்கடைத் தோசை, இட்லிகூட கேட்காமல் வேண்டாம், ரவையோ கோதுமை மாவோ கலந்திருக்கலாம். பிரைட் ரைஸில் சோயா சோஸ். டெவில் கறியில் இறைச்சியை மாவில் புரட்டியிருப்பார்கள். லம்பிரைஸ் பொட்டலத்துக்குள் இருக்கும் கட்லட் உருண்டையில் ரஸ்க் தூள்.

மிச்சம் என்ன? சோறு, பருப்பு, மரக்கறி, அவித்த முட்டை, தயிர். நேரமும் முக்கியம். மதியம் 12 மணிக்குப் போனால் கரண்டிகள் இன்னும் இடம் மாறியிருக்காது. ஹோட்டல் பஃபேயில் கடைசி ஆளாக நிற்காதீர்கள்.

9. உறவினர் வீடு, கோவில், தேவாலயம்

கடையைவிட இதுதான் கடினம், ஏனென்றால் அன்பு குறுக்கே நிற்கும்.

'பிள்ளை, உனக்காக அரிசி மாப் பிட்டுத்தான் அவிச்சனான்.'

'மாமி, அவிச்ச மா கலந்தனீங்களோ?'

'அது கொஞ்சம்தானே. அது போடாட்டி பிட்டு கட்டியாய்ப் போயிடும்.'

இந்தப் பேச்சு நடக்காத வீடு இல்லை. முகம் கோணாமல் தப்புவதற்கு ஒரே வழி, முதல்நாளே தொலைபேசியில் சொல்வது: 'சோறும் பருப்பும் கத்தரிக்காயும் போதும் மாமி. அகப்பை மட்டும் கழுவினதாய் இருக்கட்டும்.' என்ன வேண்டாம் என்று பட்டியல் போட்டால் அவர்கள் மிரளுவார்கள். என்ன செய்யலாம் என்று சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள். அலர்ஜி என்று சொல்லாதீர்கள், 'ஒரு குளிசை போடு, சரியாகும்' என்பார்கள். 'குடல் புண்படும், வைத்தியர் ஒரு பொருக்கும் கூடாது என்றார்' என்று சொல்லுங்கள்.

கலியாண வீட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கோவிலில் பொங்கலும் பஞ்சாமிர்தமும் பெரும்பாலும் பிரச்சினையில்லை. மோதகத்தில் அவித்த கோதுமை மா இருக்கலாம், வடையிலும் சிலர் கலப்பார்கள். கேசரி ரவை.

கத்தோலிக்கர்களுக்கு: நற்கருணை அப்பம் கோதுமை. முற்றிலும் குளூட்டன் இல்லாத அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை, 2017இல் வத்திக்கான் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது. மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பத்துக்கும், திராட்சை இரசத்தை மட்டும் பெறுவதற்கும் வழி உண்டு. பூசைக்கு முன் பங்குத்தந்தையோடு பேசுங்கள், அப்பத்துணுக்கு விழாத தனிக் கிண்ணம் வேண்டும் என்பதையும் சேர்த்து.

10. திரும்பப் பரிசோதியுங்கள், தவறினால் எழுதிவையுங்கள்

வயிறு சரியானால் குடலும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு எந்தக் குணங்குறியும் இல்லாமலே குடல் சேதமாகும். ஆறாம் மாதம் ஒருமுறை, ஒரு வருடத்தில் ஒருமுறை, பிறகு வருடாவருடம் டீ.டீ.ஜீ பாருங்கள். இரும்பு, ஃபோலேட், பி12, விற்றமின் டி, தைரொயிட் ஆகியவற்றையும் வைத்தியர் பார்ப்பார். எலும்பின் அடர்த்தி பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள். தொடக்கத்தில் பால் ஒத்துவராமல் போகலாம். குடல் ஆறினால் பலருக்குத் திரும்ப ஒத்துவரும், அதற்காகப் பாலை நிரந்தரமாகத் தள்ளிவைக்காதீர்கள்.

பெற்றோர், சகோதரர், பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவை. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். அவர்களும் அதுவரை கோதுமையை நிறுத்தக்கூடாது, 1ஆம் படியில் சொன்ன காரணம்தான்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் மாற்று மருந்து என்று எதுவும் இல்லை. தண்ணீர் குடியுங்கள், கஞ்சி குடித்து ஓய்வெடுங்கள், அடுத்த வேளையே பத்தியத்துக்குத் திரும்புங்கள். 'இன்றைக்குக் கெட்டுப்போச்சு, இந்த வாரம் முழுக்கச் சாப்பிடுவோம்' என்பது பலருடைய மனக்கணக்கு, அது வேண்டாம். வாந்தி, பேதி நிற்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

பிறகு கொப்பியை எடுங்கள். முந்திய இரண்டு நாளில் எங்கே, யார் வீட்டில், எந்தக் கறி, எந்த எண்ணெய், எந்தப் பக்கற் என்று எழுதுங்கள். ஒருமுறை எழுதினால் ஒன்றும் தெரியாது. நாலைந்து தடவை எழுதினால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். என் கொப்பியில் மூன்று தடவை வந்தது பெருங்காய டப்பா.